பழைய காரில் ஹெட்லைட் மங்கலா? பல்பை மாற்றுவதற்கு முன் வோல்ட்டேஜைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: தொண்ணூறுகளில் வந்த கார், எச்4 பல்பு (லோ, ஹை இரண்டுக்குமான இழைகள் ஒன்றிலேயே உள்ள ஹாலஜன் பல்பு). இரவில் லோ பீம் போட்டால் மஞ்சளாக, சோகையாக எரிகிறது. எதிரே வண்டி வந்துவிட்டால் சாலை ஓரமே தெரிவதில்லை. எல்இடி பல்பு வாங்கி நாமே மாட்டிக்கொள்ளலாமா, இல்லை 100/90 வாட் பல்பு போடலாமா?

இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். இப்போது உங்கள் காரில் இருக்கும் சாதாரண 60/55 வாட் (ஹை பீமில் 60, லோ பீமில் 55) எச்4 பல்பு, சரியான வோல்ட்டேஜ் கிடைத்தால், லோ பீமில் சுமார் 1000 லூமென் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), ஹை பீமில் சுமார் 1650 லூமென் கொடுக்க வேண்டிய பல்பு. ஒழுங்காக அமைந்த ஹெட்லைட்டில் இது நன்றாகவே சாலையைக் காட்டும். பழைய வண்டியில் அந்த வெளிச்சம் சாலைக்குப் போய்ச் சேர்வதில்லை. கொஞ்சம் ஒயரிலேயே போய்விடுகிறது, கொஞ்சம் ஹெட்லைட்டின் முன்மூடியான மங்கிய முகப்பில் போகிறது, மிச்சம் தப்பான உயரத்தில் போகிறது. முதலில் அதை மீட்டெடுங்கள். அதற்குப் பிறகும் போதவில்லை என்றால் பல்பைப் பற்றி யோசிக்கலாம்.

ஆரம்பிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சினை ஓடவிட்டு லோ பீமைப் போடுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தால் ஆல்டர்னேட்டர் நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் 13.5 முதல் 14.4 வோல்ட் வரை காட்டும். அடுத்து பல்பின் பின்பக்கம் போங்கள். பல்பில் மாட்டியிருக்கும் ஒயர் இணைப்பான கப்ளரைக் கழற்றாமல், ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் மீட்டரின் முனையை ஒட்டி உள்ளே தள்ளி, லோ பீம் பின்னுக்கும் எர்த் (பேட்டரி நெகட்டிவோடு சேரும்) பின்னுக்கும் நடுவே அளங்கள். கப்ளரைக் கழற்றிவிட்டு அளந்தால் முழு வோல்ட்டேஜ் காட்டும், எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள். கரண்ட் ஓடும்போதுதான் இழப்பு தெரியும். அதனால் பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும்.

பேட்டரியில் 13.8 வோல்ட், பல்பில் 12.2 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், பெரிதாகத் தோன்றாது. ஆனால் ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை, வோல்ட்டேஜின் சுமார் 3.4ஆம் அடுக்குக்கு (பவர்) ஏற்பக் குறைகிறது. வோல்ட்டேஜ் 5 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 16 சதவீதம் குறையும். 10 சதவீதம் குறைந்தால் 30 சதவீதம் போய்விடும். மேலே சொன்ன கணக்கில் 12 சதவீதம் குறைவு, அதாவது மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் காணவில்லை. இழை முழுச்சூடு ஏறாததால் நிறமும் மஞ்சளுக்கு இறங்கிவிடும். நீங்கள் சொன்ன அந்தச் சோகையான மஞ்சளுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

எங்கே இழக்கிறோம் என்பதையும் அதே மீட்டர் சொல்லும். ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில், இன்னொன்றை பல்பின் லோ பீம் பின்னில் வையுங்கள். வருகிற எண்தான் பாசிட்டிவ் பக்கத்தின் இழப்பு. அதேபோல் பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் பின்னுக்கும் நடுவே அளங்கள். எர்த் பக்கம் 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவையும் பெயின்ட்டையும் சுரண்டி, பளபளக்கும் தகரத்தின் மேல் மறுபடி முடுக்குங்கள். சில வண்டிகளில் வேலை இதோடு முடிந்துவிடும், ஒரு பைசா செலவில்லாமல்.

பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வயரிங்கை விட்டுவிட்டு நேராக முகப்பைக் கவனியுங்கள். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின் சுவிட்ச்) போட்டே ஆக வேண்டும்.

பழைய வண்டிகளில் ஏன் இப்படி? பேட்டரியிலிருந்து கிளம்பும் கரண்ட் டாஷ்போர்டுக்குள் போய், ஹெட்லைட் சுவிட்ச், அப்புறம் லோ, ஹை மாற்றும் டிம்மர் சுவிட்ச், பிறகு மறுபடி முன்பக்கம் வந்து பல்பைத் தொடுகிறது. ஐந்தாறு மீட்டர் மெல்லிய ஒயர். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் 6 மீட்டர் தூரம் 10 ஆம்பியர் ஓடினால் கம்பியிலேயே சுமார் ஒரு வோல்ட் போய்விடும். அதற்கு மேல் சுவிட்சுக்குள் இருக்கும் கருகிய கான்டாக்டுகள், பச்சை பிடித்த கப்ளர்கள். பத்து நிமிடம் லைட் எரிந்த பிறகு சுவிட்சைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் சாலையில் விழ வேண்டிய சக்தி அங்கே சூடாகிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் 100/90 வாட் பல்பு போட்டால் கரண்ட் இன்னும் கூடும், இழப்பும் கூடும், கடைசியில் கப்ளர் உருகும். அதனால்தான் அதை முதலிலேயே வேண்டாம் என்றேன்.

ரிலேயின் வேலை எளியது. பழைய சுவிட்ச் இனி பல்பை எரிய வைக்காது, ரிலேயின் காயிலை மட்டும் இழுக்கும். அதற்குக் கால் ஆம்பியர்கூடத் தேவைப்படாது. பல்புக்கு வேண்டிய கரண்ட் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராக வரும். லோ பீமுக்கு ஒரு ரிலே, ஹை பீமுக்கு ஒரு ரிலே, சாதாரண நான்கு பின் 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே போதும். அடியில் எண்கள் அச்சடித்திருக்கும்: 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 பல்புக்குப் போவது, 85ம் 86ம் காயில். எந்தக் கம்பெனி ரிலே வாங்கினாலும் பெரும்பாலும் இதே எண்கள்தான்.

பேட்டரியிலிருந்து 30க்கும், 87லிருந்து பல்புக்கும் 2.5 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். 2 மீட்டர் நீளத்துக்கு 10 ஆம்பியரில் சுமார் 0.14 வோல்ட்தான் இழக்கும். பல்பிலிருந்து எர்த்துக்கும் அதே தடிமன் வேண்டும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். புது பாசிட்டிவ் ஒயர் இழுத்துவிட்டு, பழைய மெல்லிய எர்த்தையே நம்பினால் பாதி வேலைதான் நடந்திருக்கும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஒரு பெரிய ஃபியூஸ், 30 ஆம்பியர், இருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் ஒயர் எங்காவது தகரத்தில் உரசினால் தடுக்க எதுவும் இல்லை, நேராகத் தீதான். லோ பீமுக்கு இடது, வலது இரண்டுக்கும் தனித்தனியாக 10 ஆம்பியர் ஃபியூஸ் வைக்கச் சொல்வேன். ஒரே ஃபியூஸில் இரண்டையும் மாட்டி, அது வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது போனால் முழு இருட்டு. இரண்டு ஃபியூஸ் கூடுதல் வேலை என்று இதைத் தவிர்க்காதீர்கள்.

ஒரு பக்கத்துப் பழைய கப்ளரிலிருந்து வரும் லோ, ஹை ஒயர்கள் இரண்டு ரிலேக்களின் 86க்குப் போகும், 85கள் எர்த்துக்கு. மறுபக்கத்துப் பழைய கப்ளரை வெட்டி எறியாமல் டேப் சுற்றி, தண்ணீர் படாமல் கட்டி வையுங்கள். நாளைக்கே ரிலே பழுதானாலும் பழைய கப்ளரை மாட்டி வீடு வந்து சேரலாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லா வண்டியிலும் சுவிட்ச் பாசிட்டிவைத் தருவதில்லை. பழைய ஜப்பானிய கார்கள் சிலவற்றில் பல்புக்குப் பாசிட்டிவ் பொதுவாக வந்து நிற்கும், டிம்மர் சுவிட்ச் லோவையோ ஹையையோ எர்த்தோடு சேர்க்கும். இதைக் கவனிக்காமல் மேலே சொன்னபடி இணைத்தால் ரிலே இழுக்காது, இல்லையென்றால் தப்பாக இழுக்கும். கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு பக்கத்துக் கப்ளரையும் கழற்றுங்கள், ஒன்றை மட்டும் கழற்றினால் மற்ற பல்பின் இழை வழியாக வோல்ட்டேஜ் வந்து குழப்பும். லைட்டைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, கப்ளரின் மூன்று பின்களையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். லோவிலிருந்து ஹைக்கு மாற்றும்போது வோல்ட்டேஜ் வேறு பின்னுக்குத் தாவினால் வழக்கமான வயரிங். மாற்றினாலும் ஒரே பின்னில்தான் நிற்கிறது என்றால் எர்த்தை சுவிட்ச் செய்யும் வண்டி. அதில் 86ஐ அந்தப் பொதுப் பாசிட்டிவோடும், 85ஐ லோ அல்லது ஹை ஒயரோடும் இணைக்க வேண்டும். இந்த வகை வண்டிகளில் டாஷ்போர்டில் இருக்கும் ஹை பீம் நீல விளக்கு ரிலே போட்ட பிறகு சரியாக எரியாமல் போகலாம். அப்படியானால் அதற்குத் தனி ஒயர் இழுக்க வேண்டியிருக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனைகளான லக்குகளைச் சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்காமல் கிரிம்பிங் பிளேயர் கொண்டு அழுத்துங்கள். அழுத்திய பிறகு பலமாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள், கையோடு வந்தால் அது சாலையிலும் வரும். தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பை மூடும் வளையம்) கட்டாயம். ரிலேயின் பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் தண்ணீர் உள்ளே நிற்காது. பல்புக்குப் பின்னால் மாட்டும் புதுக் கப்ளர் பீங்கானில் கிடைக்கும். பழைய பிளாஸ்டிக் கப்ளர் பழுப்பேறி நொறுங்குகிற நிலையில் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். 6 வோல்ட் வண்டியோ, பாசிட்டிவ் எர்த் வண்டியோ, டைனமோ வண்டியோ என்றால் ரிலே, பல்பு எல்லாமே அதற்கேற்றதாக வாங்க வேண்டும், மேலே சொன்ன எண்கள் அப்படியே பொருந்தாது.

எல்லாம் முடிந்து மறுபடி அளந்து பாருங்கள். 12.2 இருந்த இடத்தில் 13.5 வந்திருந்தால் அதே பழைய பல்பில் சுமார் 40 சதவீதம் கூடுதல் வெளிச்சம். பல்பின் ஆயுள் முன்பைவிடக் குறையும், அதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு நாள் அது அரைப்பட்டினியில் எரிந்ததால்தான் வருஷக்கணக்கில் தாங்கியது. எச்4 பல்பின் வெளிச்சத்தை அளந்து குறிப்பதே 13.2 வோல்ட்டில்தான், ஆகையால் இந்த வோல்ட்டேஜ் பல்புக்குப் புதிதல்ல.

இனி முகப்பு. உங்களுடையது கண்ணாடி என்றால் வேலை குறைவு. வெளிப்பக்கம் கல் தெறித்துப் பொரிப் பொரியாக இருந்தால் அந்தப் புள்ளிகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், மாற்றுவதைத் தவிர வழியில்லை. பிளாஸ்டிக் முகப்பு என்றால் கதை வேறு. அது பாலிகார்பனேட், மேலே ஒரு மெல்லிய பாதுகாப்புப் பூச்சு இருக்கும். வெயிலின் புற ஊதாக் கதிரில் அந்தப் பூச்சு செத்த பிறகுதான் மஞ்சள் ஏறுகிறது. சுற்றிலும் பெயின்ட்டுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே 800ம் நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி, 1500, 2000, 3000 என்று ஏறிப் போய், கடைசியில் பாலிஷ் போடுங்கள். 800ல் தேய்க்கும்போது வடியும் நீர் கடைசியில் பால் போல வெள்ளையாகும். முதலில் அது மஞ்சளாக வடியும், மஞ்சள் நின்ற பிறகுதான் அடுத்த பேப்பர். இதோடு நிறுத்திவிட்டால் சில மாதத்தில் மறுபடி மஞ்சள் பூக்கும், ஏனென்றால் பாதுகாப்புப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டோம். புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் அடித்தே தீர வேண்டும். இரண்டு பாகம் கலந்து அடிக்கும் கிளியர் என்றால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கும். நுரையீரலுக்குக் கேடு, சாதாரண துணி மாஸ்க் தடுக்காது, அதற்கென்று உள்ள கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். பற்பசை வைத்துத் தேய்ப்பது சில வாரம் பளபளக்கும், அவ்வளவுதான்.

முகப்பைவிட முக்கியம் உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர். பல்பைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாகப் பிம்பம் தெரிகிறதா, இல்லை சாம்பல் பூத்து, பல்புக்கு மேல் பக்கம் கருகி உரிந்திருக்கிறதா? உரிந்திருந்தால் ரிலேயும் உதவாது, பல்பும் உதவாது, யூனிட்டையே மாற்றுங்கள். தூசி மட்டும் என்றால் துணியை உள்ளே விடாதீர்கள். வெற்றிடத்தில் ஆவியாகப் படிய வைத்த மிக மெல்லிய அலுமினியப் படலம் அது, ஒரு துடைப்பில் கீறிவிடும். சில சொட்டு மென்மையான சோப்பு கலந்த டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கி, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, கவிழ்த்து வைத்து நன்றாகக் காய விடுங்கள்.

பல்பு வாங்கும்போது 60/55 வாட்டிலேயே நல்ல கம்பெனி பல்பு வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் '130 சதவீதம் கூடுதல்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மொத்த வெளிச்சமே இரட்டிப்பாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சர்வதேச விதிப்படி எச்4 லோ பீம் 1000 லூமெனிலிருந்து 15 சதவீதம்தான் ஏறலாம், இறங்கலாம். அந்தப் பெரிய எண் சாலையில் குறிப்பிட்ட ஒரு சிறு பகுதியில் விழும் வெளிச்சத்தைக் குறிப்பது. ஆனாலும் இழையை நெருக்கமாகவும் துல்லியமாகவும் சுற்றியிருப்பதால் தூரத்தில் வித்தியாசம் தெரியும். விலை கூடுதல், ஆயுள் குறைவு. இரவில் அதிகம் ஓட்டுபவருக்கு இது லாபம்தான். நீலப் பூச்சுப் பல்பை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். பல்பு தரும் வெளிச்சத்தின் ஒரு பகுதியை அந்தப் பூச்சே விழுங்கிவிடுகிறது. மாட்டும்போது பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள், விரலின் எண்ணெய்ப் பிசுக்கு அந்தச் சூட்டில் பல்பைக் கெடுத்துவிடும்.

இப்போது எல்இடிக்கு வருகிறேன். எச்4 பல்பைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை. லோ பீம் இழைக்கு அடியில் சின்ன உலோகக் கிண்ணம் ஒன்று இருக்கும். கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அது மறைப்பதால் ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும் வேலை செய்கிறது, எதிரே வருபவரின் கண்ணுக்குக் கீழே வெளிச்சம் ஒரு கோடாக வெட்டி நிற்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டது. எல்இடி பல்பில் இழைக்குப் பதில் ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் தட்டையான சில்லுகள் ஒட்டியிருக்கின்றன. வெளிச்சம் சுற்றிலும் ஒரே சீராகப் போவதில்லை, மூலமும் இழை இருக்க வேண்டிய அச்சில் சரியாக உட்காருவதில்லை. ஒரு மில்லிமீட்டர் விலகினாலே சாலையில் கோடு கலைந்துவிடும். பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், வண்டிக்கு முன்னால் பத்துப் பதினைந்து மீட்டர் பகல் போல் ஆகிவிடும். ஓட்டுபவருக்கு 'ஆகா' என்றிருக்கும். ஆனால் பக்கத்தில் அவ்வளவு வெளிச்சம் இருந்தால் கண்பாவை சுருங்கி, தூரத்தில் ஓரமாக நடந்து வருபவர் தெரியாமல் போவார். எதிரே வருபவருக்கோ கண் கூசும். அவர் கண் கூசி நம் பக்கம் விலகினால் பாதிப்பு நமக்கும்தான்.

எல்லா எல்இடி பல்பும் குப்பை என்று சொல்லவில்லை. ஜெர்மனியில் 2020ல் ஆஸ்ராம் கம்பெனியின் எச்7 (ஒற்றை இழைப் பல்பு வகை) எல்இடி பல்புக்குச் சாலை அனுமதி கிடைத்தது. ஆனால் அது சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும். எந்த ஹெட்லைட்டில் எந்தப் பல்பு என்று ஜோடி ஜோடியாகச் சோதிக்க வேண்டிய விஷயம் இது என்பதற்கு அதுவே சாட்சி. உங்கள் காருக்கு அப்படி அனுமதி பெற்ற பல்பு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தாராளமாகப் போடுங்கள். எச்ஐடி (ஜெனான் பல்பு) கிட் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த வகையில் ஒன்றான டி2எஸ் பல்பு 3200 லூமென். ஐரோப்பிய விதியில் லோ பீம் 2000 லூமெனைத் தாண்டினால் தானாக உயரம் சரிசெய்யும் வசதியும் முகப்பைக் கழுவும் வசதியும் கேட்டார்கள். அவ்வளவு வெளிச்சத்தை எச்4 ரிஃப்ளெக்டரில் திணித்தால் எதிரே வருபவர் கதி என்ன ஆகும்?

பழைய வட்டமான 7 அங்குல சீல்டு பீம் (இழை, ரிஃப்ளெக்டர், கண்ணாடி எல்லாம் பிரிக்க முடியாத ஒரே துண்டாக உள்ள விளக்கு) வண்டி வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி இருக்கிறது. அதே அளவில், பல்பு மாற்றக்கூடிய எச்4 யூனிட் முழுசாகக் கிடைக்கிறது, கழற்றி மாட்டுவது ஒரு மணி நேர வேலை. அந்த அளவில் எல்இடிக்கென்றே வடிவமைத்த யூனிட்டுகளும் உண்டு, அவை வெறும் எல்இடி பல்பைப் போல அல்ல, ஒழுங்கான வெட்டுக்கோடு தரும். வட்டத்துக்குள் ஆங்கில 'E' எழுத்தும் எண்ணும் பொறித்ததாகப் பார்த்து வாங்குங்கள். கூடவே எந்தப் பக்கச் சாலைக்கானது என்பதும் முக்கியம். லோ பீமின் கோடு சாலை ஓரப் பக்கம் மேலேறும். இடதுபக்கம் ஓட்டும் நாட்டில் வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கான யூனிட்டை மாட்டினால் அந்த ஏற்றம் எதிரே வருபவர் முகத்தில் போய் நிற்கும். ஐரோப்பிய முத்திரை உள்ள யூனிட்டில், முன்னால் நின்று பார்க்கும்போது வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது இடதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. அம்பே இல்லை என்றால் வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்கானது.

இதில் எதைச் செய்தாலும், வெறும் பல்பை மாற்றினால்கூட, கடைசியில் உயரத்தைச் சரிபார்க்காமல் சாலையில் ஏற்றாதீர்கள். அட்ஜஸ்ட் செய்யும் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருக்கும், முந்தின இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். பிளாஸ்டிக் தலை உள்ளவை படக்கென்று உடையும், மெதுவாகத் திருப்புங்கள். டயர்களில் காற்றைச் சரிபார்த்து, வழக்கமாக இருக்கும் அளவு பெட்ரோலோடு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, சமதரையில் ஒரு சுவருக்கு நேராக வண்டியை நிறுத்துங்கள். முதலில் சுவரை ஒட்டி நிறுத்தி, ஒவ்வொரு ஹெட்லைட்டின் நடுப்புள்ளிக்கும் நேரே மாஸ்கிங் டேப்பில் ஒரு கூட்டல் குறி ஒட்டுங்கள். பிறகு நேராக 10 மீட்டர் பின்னால் வாருங்கள். லோ பீமின் வெட்டுக்கோடு அந்தக் குறியிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடம் போதாதென்றால் 5 மீட்டரில் 5 சென்டிமீட்டர். ஒரு விளக்கைத் துணியால் மூடிவிட்டு மற்றொன்றைச் சரிசெய்யுங்கள், இரண்டும் எரிந்தால் எது எதனுடைய கோடு என்று தெரியாது. கோடு மேலேறத் தொடங்கும் முழங்கை போன்ற இடம் கூட்டல் குறியின் செங்குத்துக் கோட்டுக்கு நேர் கீழே இருக்கட்டும். கொஞ்சம் தள்ளியே தீர வேண்டுமென்றால் சாலை ஓரப் பக்கம் தள்ளலாம், எதிர் வண்டி வரும் பக்கம் கூடாது. எச்4ல் லோவும் ஹையும் ஒரே ரிஃப்ளெக்டரில் இருப்பதால் லோவைச் சரிசெய்தால் போதும், ஹை தானாக வந்துவிடும்.

பின் இருக்கையில் ஆள் ஏறி, டிக்கியில் சுமை வைத்தால் முன்பக்கம் தூக்கும், கோடும் கூடவே ஏறும். டாஷ்போர்டில் உயரம் குறைக்கும் திருகு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சுமையோடு போகும் நாளில் ஸ்க்ரூவை எத்தனை சுற்று இறக்கினீர்கள் என்று எழுதி வைத்து, திரும்பி வந்ததும் அதே அளவு ஏற்றிவிடுங்கள். ரிலே போட்டவர்கள் முதல் நீண்ட இரவுப் பயணம் முடிந்ததும் பானட்டைத் திறந்து ஃபியூஸ் ஹோல்டரையும் புதுக் கப்ளரையும் தொட்டுப் பாருங்கள். எஞ்சின் சூட்டைத் தாண்டி ஏதாவது ஒன்று தனியாகச் சுட்டால் அந்த லக்கைத்தான் மறுபடி கிரிம்ப் செய்ய வேண்டும்.